சின்ன வாடகை வீடு, இருபது விருந்தினர்: பண்டிகை மாலையைக் குறைந்த செலவில் நடத்துவது எப்படி?

கேள்வியின் சாரம் இதுதான்: ஒரு ஹால், ஒரு அறை, சமையலறை உள்ள வாடகை வீடு. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. பண்டிகை நாள் மாலையில் பெரியவர்கள் 14 பேர், குழந்தைகள் 6 பேர் வருகிறார்கள். செலவு கையைக் கடிக்காமல் வீட்டையும் அலங்கரித்து, வந்தவர்களையும் நல்லபடியாகக் கவனித்து அனுப்ப வேண்டும்.

முதலில் ஒரு முடிவெடுங்கள்: வீடு முழுக்க அலங்கரிக்க வேண்டாம். வருகிறவர் கண் போய் நிற்கும் இடம் மூன்றே மூன்று. வாசல், உள்ளே நுழைந்ததும் எதிரே தெரியும் சுவர், சாப்பாட்டு மேசை. காசும் உழைப்பும் அந்த மூன்றுக்கு மட்டும் போகட்டும். அதே பொருட்களை ஜன்னலுக்கு ஒன்று, ஃபிரிட்ஜ் மேல் ஒன்று, டிவி பக்கம் ஒன்று என்று பிரித்து வைத்தால் எதுவுமே கண்ணில் படாது. மற்ற இடங்களுக்கு ஒழுங்கு போதும். ஒரு பெரிய அட்டைப்பெட்டியை எடுத்து ஹாலில் கிடக்கும் சார்ஜர், மாத்திரை டப்பா, பில், பழைய செய்தித்தாள் எல்லாவற்றையும் அதில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுங்கள். நிறத்திலும் கட்டுப்பாடு வேண்டும்: இரண்டு நிறம், கூடவே தங்கம் அல்லது வெள்ளி, இவற்றுள் ஏதாவது ஒன்று. மூன்றாவது நிறம் நுழைந்ததும் கடையில் மிச்சம் மீதி வாங்கியது போல் ஆகிவிடும்.

பணத்தில் பெரும்பங்கு வெளிச்சத்துக்குப் போகட்டும். மேலே எரியும் வெள்ளை டியூப்லைட்டை அணைத்து, கண் மட்டத்திலும் அதற்குக் கீழும் மஞ்சள் ஒளியைக் கொண்டுவந்தாலே பாதி வேலை முடிந்தது. சீரியல் லைட் வாங்கும்போது உறையில் ‘வார்ம் ஒயிட்’ அல்லது 2700 முதல் 3000 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு) என்று இருக்கிறதா பாருங்கள். 6500 கெல்வின் என்பது நீலம் கலந்த வெள்ளை; அதில் முகமும் வெளுத்துத் தெரியும், சாப்பாடும் வெளுத்துத் தெரியும். எல்இடி வகை மட்டுமே வாங்குங்கள். 100 பல்பு உள்ள பழைய சூடாகும் வகை சுமார் 40 வாட் எடுக்கும். அதே நீள எல்இடிக்கு 5 முதல் 7 வாட் போதும். மின்சாரத்தைவிட முக்கியம், எல்இடி அவ்வளவாகச் சூடேறாது என்பது. துணிக்குப் பின்னாலும் காகிதத்துக்குப் பக்கத்திலும் வைக்க அதுதான் ஏற்றது.

எதிர்ச் சுவருக்கு எளிய, அழகான ஏற்பாடு ஒன்று: இரண்டு வெள்ளைப் படுக்கை விரிப்புகள், பின்னால் 10 மீட்டர் சீரியல் லைட் இரண்டு. சுவரில் மறைக்க வேண்டிய அகலம் எவ்வளவோ அதைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு துணி வேண்டும். அப்போதுதான் கொசுவம் விழும். கொசுவம் இல்லாமல் இழுத்துக் கட்டினால் காயப்போட்ட துணி மாதிரிதான் இருக்கும். விரிப்பை இஸ்திரி போட்டே தொங்கவிடுங்கள், பின்னால் ஒளி விழும்போது ஒவ்வொரு சுருக்கமும் கோடாகத் தெரியும். விளக்குச் சரத்தை மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் என்று 25 முதல் 30 சென்டிமீட்டர் இடைவெளியில் இறக்கி ஏற்றுங்கள். 1.8 மீட்டர் உயரத்துக்கு ஒரு சரத்தில் ஐந்து கோடுகள் கிடைக்கும். இரண்டு சரம் இரண்டரை மீட்டர் அகலத்துக்குச் சரியாக வரும். தொங்கவிடும் முன் தரையில் விரித்துப் போட்டு ஒரு மணி நேரம் எரியவிட்டுப் பாருங்கள். பிளக் இருக்கும் முனையிலிருந்தே தொடங்குங்கள். மறுமுனையிலிருந்து தொடங்கினால் கடைசியில் பிளக் உத்தரத்துக்கு அருகில் போய் நிற்கும்.

இந்தத் திரையை எதில் தொங்கவிடுவது என்பதில்தான் பலர் தோற்றுப்போகிறார்கள். இரண்டு ஒட்டுக் கொக்கிகளை மாட்டி, நடுவில் கயிற்றை விறைப்பாகக் கட்டி, அதில் துணியைப் போடுவார்கள். கால் மணி நேரத்தில் கொக்கி பிய்த்துக்கொண்டு வரும். துணியின் எடையை மட்டும் பார்த்தால் காரணம் புரியாது. 1 கிலோ துணி 2 மீட்டர் கயிற்றில் பரவித் தொங்கி, நடுவில் 5 சென்டிமீட்டர் மட்டுமே தொய்வு இருந்தால், ஒவ்வொரு கொக்கியையும் கயிறு பக்கவாட்டில் சுமார் 5 கிலோ விசையோடு இழுக்கும். கயிறு எவ்வளவு விறைப்போ அவ்வளவு இழுப்பு. கயிற்றுக்குப் பதிலாக மாப் கழியையோ இலேசான மூங்கில் கழியையோ இரண்டு கொக்கிகளின் மேல் கிடத்துங்கள். இப்போது கொக்கி ஒவ்வொன்றும் பாதி எடையை நேர்கீழாகத் தாங்கும். ஒட்டுப் பசை நன்றாகத் தாங்குவது அந்தத் திசையில்தான். ஜன்னல் மேலே ஏற்கெனவே திரைச்சீலைக் கம்பி இருந்தால் இன்னும் நல்லது, அந்த ஜன்னலையே எதிர்ச் சுவராக எடுத்துக்கொள்ளலாம்.

கொக்கி என்று நான் சொல்வது, அடிப்பட்டையை இழுத்தால் சுவர் சேதமில்லாமல் கழன்றுவரும் வகையை. ஒட்டும் இடத்தைச் சர்ஜிகல் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடையுங்கள். தண்ணீரும் சோப்பும் ஒரு படலத்தை விட்டுவைக்கும். ஒட்டி 30 வினாடி அழுத்திப் பிடித்து, ஒரு மணி நேரம் கழித்துத்தான் பாரம் ஏற்ற வேண்டும். உறையில் போட்டிருக்கும் எடையில் பாதிக்கு மேல் போகாதீர்கள். புதிதாகப் பெயின்ட் அடித்த சுவர் என்றால் ஒரு வாரமாவது ஆகியிருக்க வேண்டும். சுண்ணாம்புச் சுவரிலும் பொடி உதிரும் சுவரிலும் இது நிற்கவே நிற்காது. கழற்றும்போது பட்டையை உங்கள் பக்கம் இழுக்காமல், சுவரோடு ஒட்டியபடி நேர்கீழாக மெதுவாக இழுங்கள். சாதாரண இருபக்க ஸ்பாஞ்ச் டேப்பை மட்டும் வாடகை வீட்டில் தொடவே வேண்டாம், பெயின்டோடு சேர்ந்துதான் வரும்.

மேசைக்குப் பின்னால் உள்ள சுவருக்குக் காகித விசிறிச் சக்கரங்கள். செலவு மிகக் குறைவு, பார்க்க மிக நிறைவு. ஆனால் அளவு தப்பினால் வட்டம் மூடாது, அதனால் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஏ4 தாளை நீளவாக்கில் இரண்டாக வெட்டினால் 29.7 சென்டிமீட்டர் நீளம், 10.5 அகலத்தில் இரண்டு பட்டைகள் கிடைக்கும். அதை 1.5 சென்டிமீட்டருக்கு ஒரு மடிப்பாக முன்னும் பின்னும் விசிறி போல மடியுங்கள். வட்டமாக விரித்தால் ஆரம் 10.5, ஓரச் சுற்றளவு சுமார் 66 சென்டிமீட்டர். இரண்டு பட்டைகளைச் சேர்த்தால் 59 சென்டிமீட்டர்தான் வரும். எவ்வளவு இழுத்தாலும் மூடாது, இழுத்தால் மடிப்பே போய்விடும். மூன்று பட்டைகள் சேர்த்தால் 89 வரும். வட்டமும் மூடும், மடிப்பும் எடுப்பாக நிற்கும். ஓரச் சுற்றளவைப்போல் ஏறக்குறைய 1.35 மடங்கு நீளம் என்பதை மனதில் வைத்தால் எந்த அளவுக்கும் பொருந்தும். தாளை மூன்று பட்டையாக, 7 சென்டிமீட்டர் அகலத்தில் வெட்டினால் ஒரு சின்னச் சக்கரத்துக்கு இரண்டு பட்டை போதும். 42 சென்டிமீட்டர் விட்டமுள்ள பெரிய சக்கரத்துக்கு முழு ஏ4 தாள் ஆறு வேண்டும், அதற்குச் சாதாரண 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) தாள் துவண்டுவிடும். 120 ஜிஎஸ்எம் வாங்குங்கள்.

பட்டைகளை ஒட்டி வளையமாக்கியதும் அதை மேசைமேல் நிறுத்தி, மேல் ஓரத்தை நடுவை நோக்கி மெதுவாக அழுத்தினால் தட்டையாகப் படுக்கும். கையை எடுத்தால் துள்ளி எழுந்துவிடும். அதற்குத்தான் நடுவில் 5 சென்டிமீட்டர் அட்டை வட்டம், முன்னும் பின்னும் ஒவ்வொன்று. வெள்ளைப் பசையை அட்டையில் மெல்லிசாகத் தடவி, மடிப்புகளின் மேல் வைத்து, மேலே கனமான புத்தகம் ஒன்றை அரை மணி நேரம் வைத்துவிடுங்கள். பசை அதிகமானால் காகிதம் ஊறி மடிப்பு தளர்ந்துவிடும். பெரியது 3, நடுத்தரம் 5, சிறியது 7 என்று செய்தால் சுமார் 31 தாள் ஆகும். ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி, கூட்டத்தின் நடு தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் வரும்படி ஒட்டுங்கள். நடுத்தரச் சக்கரம் ஒன்றின் காகித எடை 8 கிராம்கூட இல்லை. மாஸ்கிங் டேப்பை ஒட்டும் பக்கம் வெளியே வரும்படி சுருட்டி ஒட்டினாலே நிற்கும்.

வாசலுக்கு இன்னொன்று: இலை உதிர்ந்த காய்ந்த கிளை. 1 மீட்டர் உயரக் கிளை ஒன்றை 5 லிட்டர் வாளியில் நட்டு, அடியில் சுற்றிலும் கல் செருகி, மணல் நிரப்புங்கள். மணல் ஏறக்குறைய 8 கிலோ இருக்கும், குழந்தைகள் உரசிப் போனாலும் சாயாது. கல் செருகாமல் மணலில் மட்டும் நட்டால் கிளை ஆடிக்கொண்டே இருக்கும். தண்ணீர் கலந்த வெள்ளை எமல்ஷன் பெயின்ட் ஒரு பூச்சு, மிஞ்சிய தாளில் வெட்டிய உருவங்கள், பேட்டரியில் எரியும் சிறு விளக்குச் சரம் போதும். பேட்டரி விளக்கில் ஒரு எச்சரிக்கை: பட்டன் பேட்டரி போடும் வகை வேண்டாம். குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துப் புண்ணாக்கும். பென் பேட்டரி போடும், மூடிக்குத் திருகாணி உள்ள வகையை வாங்குங்கள்.

பலூனுக்கு ஹீலியம் தேவையில்லை. ஹீலியம் அடைத்த சாதாரண ரப்பர் பலூன் முக்கால் நாளுக்குள் தரைக்கு வந்துவிடும். காற்றடைத்தது இரண்டு மூன்று நாள் தாங்கும். முழு அளவுக்கு ஊதாமல் கொஞ்சம் குறைத்து ஊதி, கொத்தாகக் கட்டி வாசலின் ஒரு மூலையில் வையுங்கள். வெடித்த துண்டுகளைக் குழந்தைகள் கையில் விடாதீர்கள், மூச்சுக்குழாயை அடைக்கும்.

மேசைமேல் வைக்கும் எதுவும் 30 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. அதற்கு மேல் போனால் எதிரே இருப்பவர் முகம் மறையும், பேச்சு அறுபடும். காலி ஜாம் பாட்டில்களே போதும். வெந்நீரில் சலவை சோடா போட்டு அரை மணி நேரம் ஊறவைத்தால் லேபிள் கழன்றுவிடும். மிஞ்சிய பிசுக்கைச் சமையல் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போய்விடும். ஒரே நிறப் பூக்களை ஐந்தாறு பாட்டிலில் இரண்டிரண்டாகப் போட்டு வரிசையாக வைப்பது, ஒரு பெரிய பூங்கொத்தைவிட மலிவு, அழகும் கூட. தண்டைச் சாய்வாக வெட்டி, தண்ணீருக்குள் போகும் இலைகளை எல்லாம் கிள்ளிவிடுங்கள், அவை அழுகித்தான் தண்ணீர் நாறும். பழுத்த பழக்கூடைக்குப் பக்கத்தில் பூ வைக்காதீர்கள். பழம் வெளிவிடும் எத்திலீன் வாயு பூவைச் சீக்கிரம் வாட வைக்கும்.

மெழுகுவத்தியைப் பாட்டிலுக்குள், 2 சென்டிமீட்டர் மணலின் மேல் வையுங்கள். திரியை 6 மில்லிமீட்டருக்கு வெட்டிவிட்டால் புகை வராது. மின்விசிறிக்குக் கீழே எரிந்தால் ஒருபக்கமாக உருகி வழியும். காகிதம், திரை எதிலிருந்தும் 30 சென்டிமீட்டர், ஒன்றுக்கொன்று 10 சென்டிமீட்டர் தள்ளியிருக்க வேண்டும்; டீ லைட் எனப்படும் குட்டிக் கிண்ண மெழுகுவத்திகளை நெருக்கமாக அடுக்கினால் மெழுகு மொத்தமும் சூடேறித் தீப்பிடிக்கலாம். சாப்பாட்டு மேசையில் வாசனை மெழுகுவத்தி வேண்டாம், உணவின் மணத்தைக் கெடுக்கும். டீ லைட் ஒன்று சுமார் 4 மணி நேரம் எரியும், எனவே விருந்தினர் வருவதற்குப் பத்து நிமிடம் முன்பு ஏற்றினால் கடைசிவரை நிற்கும்.

இனி உபசரிப்பு. இதில் அடிக்கடி நடக்கும் தவறு, எல்லாவற்றையும் ஒரே மேசையில் வைப்பது. குடிக்க வைப்பதும் சாப்பிட வைப்பதும் ஒரே இடத்தில் இருந்தால் இருபது பேரும் அங்கேயே மொய்ப்பார்கள். பானங்களை வாசலிலிருந்தும் சமையலறையிலிருந்தும் தள்ளி, ஹாலின் எதிர் மூலையில் வையுங்கள். வந்தவர்கள் தானாக உள்ளே நகர்வார்கள். சாப்பாட்டு மேசையைச் சுவரிலிருந்து 90 சென்டிமீட்டர் தள்ளிப் போட்டால் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று எடுக்கலாம், வரிசை பாதியாகும். அதற்கு இடமில்லாவிட்டால் மேசையைச் சுவரோடு போட்டு, தட்டை ஒரு முனையில் வையுங்கள். கரண்டியும் டிஷ்யூவும் மறுமுனையில், கடைசியில் இருக்கட்டும். முதலிலேயே கொடுத்தால் ஒரு கை அடைபட்டுப் பரிமாறிக்கொள்ள முடியாது. உட்கார 12 முதல் 14 இடம் போதும், குழந்தைகளுக்குத் தரையில் மெத்தை. வயதானவர்களுக்கு முதுகு சாயும் நாற்காலி இரண்டை முன்கூட்டியே ஒதுக்கிவிடுங்கள், அதைச் சொல்லியும் வையுங்கள்.

அளவுகள். மூன்று மணி நேர விருந்தில் ஒருவர் முதல் மணி நேரத்தில் இரண்டு கோப்பை, பிறகு மணிக்கு ஒன்று குடிப்பார் என்று வையுங்கள். 200 மில்லி கோப்பைக்கு ஆளுக்கு 800 மில்லி, இருபது பேருக்கு 16 லிட்டர். அதில் பாதி வெறும் தண்ணீராகவே இருக்கட்டும். வெயில் காலமானால் ஐஸ் ஆளுக்கு அரை கிலோ. பாட்டில்களை ஐஸில் மட்டும் புதைத்தால் குளிர நேரமாகும், ஐஸுக்கும் பாட்டிலுக்கும் நடுவே காற்று இருப்பதே காரணம். பாதி ஐஸ், பாதி தண்ணீர், ஒரு கைப்பிடி உப்பு போட்டால் 20 நிமிடத்தில் குளிர்ந்துவிடும். கோப்பைகளை ஆளுக்கு இரண்டாகக் கணக்கிடுங்கள். வைத்த இடம் மறந்து புதிதாக எடுப்பார்கள். பெயர் எழுத ஒரு மார்க்கரைப் பக்கத்தில் வைத்தால் ஒன்றரையாகக் குறையும்.

சாப்பாடு மொத்தமாகப் பெரியவருக்கு அரை கிலோ, குழந்தைக்குக் கால் கிலோ என்றால் உங்கள் கணக்குக்கு 8.5 கிலோ. வகைகளைக் கூட்டாதீர்கள். சூடாகப் பரிமாற ஒன்று, ஆறினாலும் ருசி குறையாதவை இரண்டு, இனிப்பு ஒன்று போதும். அன்றைக்கு முதன்முறையாக எதையும் செய்து பார்க்க வேண்டாம். ஐந்து பேருக்குச் செய்வதை நான்கு மடங்காக்கும்போது உப்பையும் காரத்தையும் மூன்று மடங்கு மட்டும் போட்டு, ருசி பார்த்துக் கூட்டுங்கள். தண்ணீரும் நான்கு மடங்கு வேண்டாம். பெரிய பாத்திரத்தில் அளவை வைத்துப் பார்த்தால் ஆவியாவது குறைவு. சூடானது 60 டிகிரி செல்சியஸுக்கு மேலும் குளிர்ந்தது 5 டிகிரிக்குக் கீழும் இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே வெளியில் வைத்தால் 2 மணி நேரம், அறை 32 டிகிரிக்கு மேல் போனால் 1 மணி நேரம்தான். எனவே எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொண்டுவந்து வைக்காமல் சின்னப் பாத்திரத்தில் தவணையாக வையுங்கள். மிஞ்சியதை அகலமான பாத்திரத்தில் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பரப்பி ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைக்கலாம். கடலை, பால், முட்டை, கோதுமை சேர்ந்தவற்றின் முன்னால் சீட்டெழுதி வைப்பது, ஒவ்வாமை உள்ளவர் ஒவ்வொன்றையும் கேட்கும் சங்கடத்தைத் தவிர்க்கும்.

சூடேற்றும் கெட்டிலையும் ஹாட் பிளேட்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகாதீர்கள். 2000 வாட் கெட்டில் ஒன்றே 230 வோல்ட்டில் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். சுருட்டிய ஒயரைச் சுருட்டியபடியே பயன்படுத்தினால் உள்ளே சூடேறி உருகும், முழுக்கப் பிரித்துவிடுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதர் ஒருவர் சுமார் 100 வாட் வெப்பம் விடுகிறார். இருபது பேர் என்றால் ஹாலில் 2 கிலோவாட் ஹீட்டர் ஓடுகிற மாதிரி. ஜன்னல்களை விருந்துக்கு முன்பே திறந்துவிடுங்கள். எல்லோரும் வியர்த்த பிறகு திறந்தால் அறை ஆற வெகுநேரமாகும்.

வேலையைப் பின்னோக்கிப் பிரித்துக்கொள்ளுங்கள். சக்கரங்களும் பாட்டில்களும் ஒரு வாரம் முன்பே தயாராகட்டும். மூன்று நாள் முன்பு விளக்கைச் சோதித்து, தட்டு, கோப்பை, கரண்டிகளை எண்ணி, குறைவதைப் பக்கத்து வீட்டில் சொல்லி வையுங்கள். முந்தின இரவு திரை, சுவர், பலூன். அதே இரவு, மேசையில் காலிப் பாத்திரங்களை அவற்றுக்கான இடத்தில் வைத்து, ஒவ்வொன்றிலும் என்ன வரப்போகிறது என்று ஒரு துண்டுச் சீட்டையும் கரண்டியையும் போட்டுவையுங்கள். இடம் போதவில்லை, கரண்டி குறைகிறது என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும். மறுநாள் உதவ வருகிறவர் உங்களிடம் எதுவும் கேட்காமலே வேலையை எடுத்துச் செய்வார். கழிப்பறையில் சோப்பு, காய்ந்த துண்டு இரண்டு, குப்பைக்கூடை. கடைசி ஒரு மணி நேரம் நீங்கள் குளித்து உடுத்துவதற்கு, அதில் வேறு வேலை எதையும் வைக்காதீர்கள்.

மறுநாள் கழற்றும்போது சீரியல் லைட்டைக் கையில் சுருட்டாமல், 30-க்கு 20 சென்டிமீட்டர் அட்டையின் ஓரத்தில் ஒரு வெட்டு வெட்டி, முனையை அதில் செருகிச் சுற்றுங்கள். பிளக் முனை கடைசியில் வெளியே நிற்கட்டும். பேட்டரிகளைக் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் ஒழுகி முனைகளைத் துருப்பிடிக்க வைக்கும். மாஸ்கிங் டேப்பை ஒரு வாரத்துக்கு மேல் சுவரில் விடாதீர்கள். ஒட்டிக்கொண்டால் ஹேர் டிரையரால் சூடுகாட்டி எடுக்கலாம். சக்கரங்களைத் தட்டையாக அடுக்கி, நடுநடுவே செய்தித்தாள் வைத்துப் பெட்டியில் போடுங்கள். மூடியின் உட்புறத்தில் எத்தனை தாள், எத்தனை கொக்கி, எத்தனை லிட்டர், எது மிஞ்சியது, எது போதவில்லை என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.